யார் முதலில் சுட்டது?

கேள்வி: அண்ணாச்சி, அமெரிக்காவில் பானி பார்க்கர், கிளைட் பாரோ என்ற கொள்ளைக்கார ஜோடியைப் போலீஸ் சுட்டுக் கொன்றதைப் பற்றி மூன்று இடத்தில் படித்தேன். எச்சரித்த பிறகு சுட்டதாக ஒன்றில் இருக்கிறது, எச்சரிக்கவே இல்லை என்று இன்னொன்றில். காட்டிக்கொடுத்தது யார் என்பதிலும் குழப்பம். சுட்ட போலீஸ்காரர்கள் ஆறு பேரும் ஒரே இடத்தில்தானே இருந்தார்கள்? - ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: ஒரே புதருக்குப் பின்னால் இருந்தாலும் ஆறு பேர் ஆறு மாதிரிதான் சொல்வார்கள், தம்பி. பாளையங்கோட்டை கோர்ட்டில் முப்பத்தொரு வருஷம் சாட்சி வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்தவன் நான்.

1934 மே 23, காலை ஒன்பதே கால் மணி வாக்கு. லூசியானாவில் கிப்ஸ்லாண்டுக்குத் தெற்கே ஒரு காட்டுச்சாலை. டெக்சாஸ் மாநிலத்துக்காக வந்தவர்கள் பிராங்க் ஹேமரும் மேனி கால்ட்டும். டல்லாஸ் ஷெரீப் (வட்டாரப் போலீஸ் தலைவர்) அனுப்பியவர்கள் பாப் ஆல்கார்னும் டெட் ஹின்டனும். உள்ளூர் ஷெரீப் ஹெண்டர்சன் ஜோர்டன், அவருடைய டெபுட்டி பிரெண்டிஸ் ஓக்லி. ஆள் ஆறு என்றாலும் அலுவலகம் மூன்று. பிற்பாடு ஒவ்வொருவர் சொன்ன கதையிலும் அவரவர் அலுவலகம் ஒரு படி முன்னால் நிற்கும்.

சாலையோரம் ஒரு லாரி, சக்கரம் கழற்றிய நிலையில். அது கொள்ளைக் கூட்டத்தில் இருந்த ஹென்றி மெத்வினின் அப்பாவுடையது. அதைப் பார்த்து ஃபோர்டு கார் வேகத்தைக் குறைத்தது. அப்புறம் சுமார் 130 குண்டுகள். குரல் கொடுத்த பிறகு இருவரும் துப்பாக்கியை எடுக்கப் போனார்கள் என்பது ஹேமர் தரப்பு. டல்லாஸ்காரர்கள் இருவரும் சம்பவம் நடந்த கையோடு பத்திரிகைக்குச் சொன்னதில் சுட்ட விவரம்தான் இருக்கிறது. முதல் குண்டு ஓக்லியுடையது என்பதில் பெரும்பாலும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். யாராவது குரல் கொடுத்திருந்தாலும் அது காருக்குள் போய்ச் சேர நேரம் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஒரு வழக்கு எனக்கு மறக்கவில்லை. வயக்காட்டில் வெட்டு. மூன்று சாட்சிகள். இரண்டு பேர் வரப்பில் நின்றவர்கள். யார் முதலில் அருவாளை ஓங்கியது என்று அடித்துச் சொன்னார்கள். குறுக்கு விசாரணையில் பார்த்தால், சத்தம் கேட்டுத்தான் இருவரும் திரும்பியிருக்கிறார்கள். மூன்றாமவர் பனையேறி. பனை உச்சியில் பாளை சீவிக்கொண்டிருந்தவர். "ஓங்கினதைப் பார்த்தேன்யா. என்ன பேசினாங்கன்னு எனக்குக் கேக்கல" என்றார். கார்பன் தாளை மாற்றிக்கொண்டே அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். கேட்காததைக் கேட்கவில்லை என்று சொன்ன ஒரே ஆள் அவர். அந்தச் சாலையில் அப்படி ஒரு பனையேறி இல்லை தம்பி. இருந்த ஆறு பேரும் சுட்டவர்கள்.

இனி மெத்வின் குடும்பம் காட்டிக்கொடுத்ததா என்ற விஷயம். ஹின்டனின் புத்தகம் 1979-இல், அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து வந்தது. மெத்வினின் அப்பாவை மரத்தோடு விலங்கிட்டு வைத்திருந்தோம், அவர் துரோகம் செய்யவில்லை என்கிறார். நான் இதை ஏற்கவில்லை. வேறொரு கொலை வழக்கில் ஒக்லஹோமா கோர்ட்டில் ஹென்றி மெத்வினை விசாரித்தபோது, டெக்சாஸ் அரசு தரும் மன்னிப்புக்குப் பதிலாக அவர் தரப்பு உதவியது என்பதைப் பிரதிவாதித் தரப்பே சொல்லியிருக்கிறது. சம்பவம் நடந்து ஒன்றிரண்டு வருஷத்தில், சத்தியம் செய்து சொன்ன சாட்சி அது. நாற்பத்தைந்து வருஷம் கழித்து அச்சேறிய நினைவைவிட எனக்கு அதுதான் பெரிது. அந்தக் கிழவரை உண்மையிலேயே கட்டிவைத்திருக்கவும் கூடும், மகனுடைய கூட்டாளிகள் பழிவாங்காமல் இருக்க. ஆனால் ஒப்பந்தமே இல்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

கேள்வி: அமெரிக்க வங்கிக் கொள்ளையன் டில்லிஞ்சரைச் சுட்டது மத்தியப் புலனாய்வு அதிகாரி மெல்வின் பர்விஸ்தானே? - ஒரு வாசகி, வள்ளியூர்

பதில்: இல்லையம்மா. 1934 ஜூலை 22 இரவு, சிகாகோ பயோகிராஃப் தியேட்டர் வாசலில் பர்விஸ் செய்தது சுருட்டைப் பற்றவைத்து அடையாளம் காட்டியது. சுட்டவர்கள் வின்ஸ்டெட், ஹர்ட், ஹாலிஸ் என்ற மூன்று ஏஜெண்டுகள். பேர் மட்டும் பர்விஸுக்குப் போனது. அந்தப் புகழ் மேலதிகாரி ஹூவருக்குப் பிடிக்கவில்லை. மறு வருஷமே பர்விஸ் வேலையை விட்டார். வின்ஸ்டெட் பேரை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உயிரை எடுத்த குண்டு அவருடையது என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள்.