காப்பும் கோட்டும்

கேள்வி: செம்பனை ஆலையில் வேலை எனக்கு. ராத்திரியானால் கைப்பேசியில் கார்த்தியே (Cartier) என்ற பிரெஞ்சு நகை நிறுவனத்தின் 'லவ்' காப்பையும் இத்தாலியக் கோட்டுகளையும் பார்த்துக்கொண்டே தூங்கிப்போகிறேன். அம்மா திட்டுகிறார். இது தப்பா அண்ணே?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தப்பென்ன தம்பி? கோலாலம்பூரில் கே.எல்.சி.சி. கடைவளாகம் போனால் நானும் கடைக் கண்ணாடியில் மூக்கு பதிய நிற்கிறவன்தான். அந்தக் காப்பை 1969இல் நியூயார்க்கில் வடிவமைத்தவர் ஆல்டோ சிப்புல்லோ. இரண்டு அரைவளையம், சின்னத் திருப்புளியால் திருகிப் பூட்ட வேண்டும். அந்த யோசனைக்கும் பெயருக்கும்தான் காசு. தங்கம் 18 காரட், அதாவது ஆயிரத்தில் 750 பங்குதான் தங்கம். நம்மூர் நகைக்கடைச் சங்கிலியே 916, அதாவது 22 காரட்! அவசரத்துக்கு அடகு வைக்கப் போனால் எடையும் மாற்றும்தான் பேசும்.

கோட்டு வேறு கதை. கடையில் தொட்டுப் பார்க்கக் காசா, பணமா? பொத்தான் பக்கம் வெளித்துணியையும் உள்துணியையும் விரலால் பிரித்துப் பிடியுங்கள். நடுவில் இன்னொரு துணி தனியாக நழுவினால், அது கோட்டுக்கு வடிவம் தரத் தைத்து வைத்த கான்வாஸ். இல்லையென்றால் பெரும்பாலும் பசையால் ஒட்டியது. நான் தீபாவளிக்கு வாங்கியது பசை. இரண்டே சலவையில் மார்பெல்லாம் அப்பளம் மாதிரிக் கொப்புளம். இன்னும் அலமாரியில் தொங்குகிறது.

சரி, அம்மாவிடம் விலையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.