பாய்மரப் படகுப் பந்தயம்: யார் யாருக்கு வழிவிட வேண்டும்?

வாசகர், தூத்துக்குடி: நண்பர்கள் சிலர் சேர்ந்து சிறிய பாய்மரப் படகுக் கழகம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நட்பு முறையில் பந்தயம் வைத்துக்கொள்ள எண்ணம். இதற்குச் சர்வதேச விதிநூல் முழுவதும் தேவையா? ஒரு பக்க அளவில் நாங்களே விதிகளை எழுதிக்கொள்ளக் கூடாதா?

பதில்: எழுதிக்கொள்ளலாம், ஆனால் அந்த ஒரு பக்கத்தில் எதை எழுதலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. வேர்ல்டு செய்லிங் அமைப்பு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடும் பந்தய விதிகளில் இப்போது நடப்பில் இருப்பவை 2025 முதல் 2028 வரைக்கானவை. எத்தனை சுற்று, எந்த மிதவையை எந்தப் பக்கமாகச் சுற்றுவது, எத்தனை மணிக்குத் தொடக்கம், எப்படிப் புள்ளி கணக்கிடுவது ஆகியவற்றையெல்லாம் ஒரு கழகம் தன் வசதிக்கேற்ப வகுத்துக்கொள்ள அந்த நூலே இடம் தருகிறது. ஆனால், இரு படகுகள் நீரில் எதிர்ப்படும்போது யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று கூறும் இரண்டாம் பகுதியைக் கழகங்கள், போட்டியாளர்களுக்கு எழுதித்தரும் பந்தயக் குறிப்பின் வழியாக மாற்றக் கூடாது என்று 86ஆம் விதி சொல்கிறது. இந்தக் கண்டிப்பு எனக்கு மிகச் சரியாகவே படுகிறது. உங்களிடம் பழகிய ஒரு சிறுவன் நாளை சென்னைத் துறைமுகத்துக்குள் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் பந்தயத்தில் கலந்துகொள்ளும்போது, அவன் கை தானாகவே சுக்கானைத் திருப்பும் திசை அங்கேயும் சரியானதாக இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே முதல் வரியில், வழிவிடும் விதிகள் யாவும் நடப்பு விதிநூலின்படியே என்று எழுதிவிட்டு, மற்றதை உங்கள் விருப்பப்படி சுருக்கிக்கொள்ளுங்கள்.

வாசகி, மண்டபம்: வழிவிடும் விதிகளைப் புதியவர்களுக்குப் புரியும்படி எப்படிச் சொல்லிக்கொடுப்பது? எங்கள் பயிற்சியில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

பதில்: மூன்று விதிகளை மட்டும் முதலில் மனத்தில் பதியவைத்தால் போதும், எஞ்சியவை அவற்றின் மேல் எழுபவை. முதலாவது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது. வலப்பக்கத்திலிருந்து காற்றைப் பெறும் படகுக்கு, இடப்பக்கத்திலிருந்து காற்றைப் பெறும் படகு வழிவிட வேண்டும். பாயின் அடிக்கழியான பூம் படகின் இடப்புறம் சாய்ந்திருந்தால் உங்களுக்கு வழியுரிமை என்று குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் அண்ணாந்து காற்றைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வழியுரிமை உடையவர் ‘ஸ்டார்போர்ட்!’ (வலப்பக்கம்) என்று குரல் கொடுப்பது வழக்கமேயன்றிக் கட்டாயமன்று. குரல் வரவில்லை என்பதற்காக மற்றவரின் கடமை நீங்கிவிடாது.

இரண்டாவது, இரண்டு படகுகளும் ஒரே பக்கத்திலிருந்து காற்றைப் பெற்று, ஒன்றையொன்று ஒட்டி இணையாகச் செல்லும்போது, காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் மற்றவருக்கு வழிவிட வேண்டும். மூன்றாவது, அப்படி இணையாக இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும்போது பின்னால் வருபவர் முன்னால் செல்பவரிடமிருந்து விலகிச் செல்ல வேண்டும்.

குழப்பம் பெரும்பாலும் மிதவையைச் சுற்றும்போதுதான் வருகிறது. மிதவைக்கு அருகில் இருக்கும் படகின் நீளத்தைப்போல் மும்மடங்கு தூரத்தை மிதவை வட்டம் என்று விதிநூல் கொள்கிறது. நான்கு மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள ஐஎல்சிஏ என்னும் சிறு பந்தயப் படகுக்கு இது ஏறக்குறைய பதின்மூன்று மீட்டர். முதல் படகு அந்த வட்டத்தைத் தொடும் நொடியில் இரண்டும் இணையாக இருந்தால், வெளிப்பக்கப் படகு உட்பக்கப் படகுக்கு மிதவையைச் சுற்றத் தேவையான இடத்தைத் தந்தாக வேண்டும். அந்நொடியில் ஒன்று தெளிவாக முன்னால் இருந்தால், பிந்தியவர் கடைசி நேரத்தில் உள்ளே நுழைந்து இடம் கேட்க முடியாது. காற்றை எதிர்த்துச் செல்லும் தடத்தில், எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றைப் பெற்று வரும் இரு படகுகளுக்கு இந்த மிதவை விதி பொருந்தாது. அங்கே முதல் விதியே ஆளும். அதுபோலவே, தொடக்கக் கோட்டின் முனையில் நிற்கும் நடுவர் படகுக்கும் பக்கத்துப் படகுக்கும் இடையிலுள்ள சந்தில் காற்றுப் பக்கத்திலிருந்து நுழைந்துகொண்டு ‘இடம் கொடு’ என்று கத்துவதற்கும் உரிமை இல்லை. நட்புப் பந்தயங்களில் சண்டை மூள்வது பெரும்பாலும் அந்தச் சந்தில்தான்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக 14ஆம் விதி இருக்கிறது: வழியுரிமை உடையவரும், இயன்றவரை மோதலைத் தவிர்த்தாக வேண்டும். எதிரே வருபவர் விலகப்போவதில்லை என்று தெளிவாகத் தெரியும்வரை வழியுரிமை உடையவர் தம் போக்கிலேயே செல்லலாம். தெரிந்த பிறகும் இடித்துச் சேதம் விளைவித்தால் அவரும் குற்றவாளியே.

வாசகர், இராமநாதபுரம்: எங்களிடம் கொடிகள் இல்லை, விசில் மட்டுமே உண்டு. தொடக்கத்தை எப்படி நடத்துவது?

பதில்: முறைப்படி தொடக்கத்துக்கு 5 நிமிடம் முன்பு எச்சரிக்கைக் கொடியும், 4 நிமிடம் முன்பு ஆயத்தக் கொடியும் ஏறும், 1 நிமிடம் இருக்கையில் ஆயத்தக் கொடி இறங்கும், எச்சரிக்கைக் கொடி இறங்கும் கணமே தொடக்கம். காற்றில் விசில் ஒலி சிதறிப்போகும் என்பதால், நேரத்தைக் கொடியைக் கண்டே கணிக்க வேண்டும் என்பதும், ஒலி எழாமற்போனாலும் அதைப் பொருட்படுத்தலாகாது என்பதும் விதி. எனவே பழைய துணியில் இரண்டு கொடிகளைத் தைத்துக்கொள்வது நல்லது. ஐந்து நிமிடத்தை மூன்றாகக் குறைக்க விரும்பினால், அதைப் பந்தயக் குறிப்பில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். கோட்டை முந்திக் கடந்தவர் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். திரும்பி வருகையில் அவருக்கு எவரிடமும் வழியுரிமை கிடையாது.

வாசகர், நாகப்பட்டினம்: நடுவர் யாரும் இல்லாத பந்தயத்தில் ஒருவர் விதியை மீறினால் யார் தண்டிப்பது?

பதில்: அவரே. மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு முழுச் சுற்றும், வேறொரு படகுக்கு எதிராக வழிவிடும் விதியை மீறினால் ஒரே திசையில் அடுத்தடுத்து இரண்டு முழுச் சுற்றுகளும், மற்றப் படகுகளிடமிருந்து விலகிய உடனேயே அவர் போட்டுத் தீர்த்துவிட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் படகின் முன்முனை ஒருமுறையும் பின்புறம் ஒருமுறையும் காற்றைக் கடந்திருக்க வேண்டும். காயமோ பெருஞ்சேதமோ ஏற்படுத்தியவர் பந்தயத்திலிருந்து விலக வேண்டும். இரண்டு சுற்று கடுமையாகத் தோன்றினால், ஒன்று போதும் என்று உங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம். புதியவர்கள் தயங்காமல் தவற்றை ஏற்பதற்கு அது உதவும். அவர் மறுத்தால், பாதிக்கப்பட்டவர் உடனே ‘புரொட்டஸ்ட்’ என்று உரக்கச் சொல்ல வேண்டும்; 6 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகு சிவப்புக் கொடியையும் காட்ட வேண்டும். கரைக்கு வந்து தேநீர் குடித்த பிறகு நினைவுக்கு வரும் புகாருக்குச் செல்லுபடி இல்லை.

வாசகி, புதுச்சேரி: எங்களிடம் ஒன்றுக்கொன்று வேறான படகுகள். வேகமான படகை வைத்திருப்பவரே எப்போதும் வெல்கிறார்.

பதில்: பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் வெளியிடும் போர்ட்ஸ்மவுத் எண் முறையைப் பின்பற்றலாம். அதில் ஒவ்வொரு படகு வகைக்கும் அதன் வேகத்துக்கேற்ப ஓர் எண் உண்டு. எடுத்துக்கொண்ட நொடிகளை 1000ஆல் பெருக்கி, படகின் எண்ணால் வகுக்க வேண்டும். எண் பெரிதாக இருந்தால் படகு மெதுவானது என்று பொருள். எடுத்துக்காட்டாக, 1100 எண்ணுள்ள படகு 55 நிமிடத்திலும் 1200 எண்ணுள்ளது 59 நிமிடத்திலும் முடித்தால், திருத்திய நேரம் முறையே 3000, 2950 நொடிகள். பின்னால் வந்ததே வெற்றி. கணக்கு பிடிக்காதவர்கள், மெதுவான படகை முன்னதாக அனுப்பிவிடலாம். இதே இரு படகுகளுக்கு 60 நிமிடப் பந்தயம் என்றால், வேகமானது 5 நிமிடம் கழித்துப் புறப்படும். நேரம் முடிகையில் முன்னால் இருப்பவர் வென்றவர். நட்புப் பந்தயத்துக்கு நான் பரிந்துரைப்பது இந்த இரண்டாம் முறையையே; யார் வெல்கிறார் என்பது கரையில் நிற்பவர்களுக்கும் கண்ணெதிரே தெரியும்.

வாசகர், கடலூர்: பந்தயத்தின் நடுவே மீன்பிடிப் படகு வந்தால்?

பதில்: பந்தய விதிகள் பந்தயத்தில் இருப்பவர்களுக்குள் மட்டுமே செல்லும். மற்றப் படகுகளை எதிர்ப்படும்போது 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளோ உள்ளூர் அரசு விதிகளோ பொருந்தும். இயந்திரப் படகு எப்போதும் பாய்மரத்துக்கு வழிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும் தவறானது. வலை விரித்து மீன்பிடிப்பில் ஈடுபட்டிருக்கும் படகுக்குப் பாய்மரப் படகுதான் வழிவிட வேண்டும். மிதவைகளை இடுவதற்கு முன், அன்று வலை எங்கே கிடக்கிறது என்று படகுத் துறையில் விசாரித்துவிட்டுத் தடத்தை அமையுங்கள்.