ஒரே ஆல்பம் ஃபூபார்2000 என்ற பாட்டு பிளேயரில் 14 துண்டாகத் தெரிகிறதா?

14 பாட்டுக்கும் ‘ஆல்பம் ஆர்டிஸ்ட்’ புலத்தில் ஒரே பெயரைப் போடுங்கள், ஒன்றாகச் சேர்ந்துவிடும். அது காலியாக இருந்தால் ஃபூபார் பாடகர் பெயரை எடுத்துக்கொள்ளும். பல பாடகர்கள் பாடிய தொகுப்பு என்றால் உடையத்தான் செய்யும்.

பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஆல்ட்+என்டர் அழுத்துங்கள். திறக்கும் பட்டியலில் கீழ் அம்புக்குறியால் ‘ஆல்பம் ஆர்டிஸ்ட்’ வரிக்குப் போய் எஃப்2, பெயர், என்டர். பிறகு ஓகே.

அப்படியும் பிரிந்தே நின்றால் ஆல்பம் பெயரின் கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டியிருக்கலாம். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. மென்பொருள் முழுப் பெயராக வாசிக்கும்போது அது காதில் விழாது (கண்ணுக்கும்தான் தெரியாது!). திருத்தும் பெட்டியில் எண்ட் அழுத்தி, இடது அம்பு ஒரு தட்டு. ‘ஸ்பேஸ்’ என்று சொன்னால் அழித்துவிடுங்கள்.

எல்லாம் தேர்வில் இருக்கும்போது ‘டிராக் டைட்டில்’ வரியை மட்டும் தொடாதீர்கள். 14-க்கும் ஒரே தலைப்பு விழுந்துவிடும்.