செட்டிநாட்டு நாவலும் பிழைகளும் – கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இந்த வருஷம் எல்லாரும் கொண்டாடுகிற அந்தச் செட்டிநாட்டு நாவலைப் பேத்தி வாங்கி அனுப்பினாள். பின்னட்டையில் 'ஆவணத்தின் துல்லியம்' என்று போட்டிருந்தது. நம் ஊர்க் கதை ஆயிற்றே என்று ஆசையாகத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் நாவலில் பாருங்கள், 1912-ல் ஒருவர் காரைக்குடி ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்குகிறார். பிள்ளையார் நோன்பு ஆவணி மாதத்தில் வருகிறது. தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் போட்டுச் சுடுகிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே கோயில், ஆனாலும் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடக்கிறது. 1942 ஏப்ரலில் ரங்கூனில் கப்பலேறி அப்பச்சி (அப்பா) மூட்டை முடிச்சோடு வந்து சேர்கிறார். கடையில் வேலை பார்க்கிற அடுத்தாளின் பெயர் பாதியில் மாறிவிடுகிறது. கண் தெரியாத அப்பத்தா கடுதாசி வாசிக்கிறார். கதை நடக்கிற ஊர் நம் ஊர்களில் இல்லவே இல்லை.

எங்கள் வாசகர் வட்டத்தில் இதைச் சொன்னேன். 'ஆச்சி, இது நாவல், கெஜட் இல்லை' என்றார்கள். ஒரு பையன், 'நீங்க இன்னும் பரீட்சைப் பேப்பர் திருத்துறதை விடல' என்றான். எனக்குச் சுருக்கென்றது. இத்தனைக்கும் அந்தப் புத்தகம் இரண்டு இடத்தில் என்னை அழவைத்தது. அழவைத்த புத்தகத்தைக் குறை சொல்வது நன்றிகெட்ட வேலையா? பேத்தி எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். என்ன சொல்ல?

தேவகோட்டை வாசகி

*

அன்புள்ள ஆச்சிக்கு,

நாவலின் பெயரை உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஒருவரை மட்டும் நிறுத்திவைத்து அடிக்கிற பேச்சாக இது ஆகிவிடக் கூடாது. நானும் அதைப் படித்தேன். நீங்கள் பட்ட அதே வருத்தத்தோடுதான் மூடிவைத்தேன்.

உங்கள் பட்டியலில் ஒன்றை மட்டும் தள்ளிவிடுகிறேன். கதை நடக்கும் ஊர் நம் ஊர்களில் இல்லை என்பது பிழை ஆகாது. தொண்ணூற்றாறு ஊர் என்று சொல்வோம். நாவலாசிரியர் தொண்ணூற்றேழாவதாக ஓர் ஊரைக் கட்டி, அதில் ஓர் ஊருணியை வெட்டிக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு. 'இது நாவல்தானே' என்ற பதில் அந்த இடத்துக்குச் சரி.

மற்ற எதற்கும் அந்தப் பதில் செல்லாது. மாயம், கனவு, காலம் கலைந்து கிடப்பது என்று எழுதியிருந்தால் யாரும் தேதி கேட்கப் போவதில்லை. இவர் '1942 ஏப்ரல்' என்று எழுதுகிறார். கோயில் பெயரை எழுதுகிறார். ரங்கூனில் செட்டியார் கடைகள் இருந்த மொகல் தெருவை எழுதுகிறார். என்னை நம்பி வாருங்கள் என்று நம்மை அழைத்துப் போவது அந்த விவரங்கள்தான். நாவலைப் பாராட்டியவர்களும் அந்த விவரங்களைத்தான் பாராட்டினார்கள். அப்படியிருக்க, அவற்றைச் சரிபார்த்த வாசகியைப் பார்த்துச் சிரிப்பது முறையில்லை.

எல்லாப் பிழையும் ஒரே எடை என்று நான் நினைக்கவில்லை. ரயில் விஷயம் சின்னது. காரைக்குடிக்கு ரயில் வந்தது 1930-ல். 1912 என்பதால் அவரை மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டால் முடிந்தது. நோன்பும் அப்படித்தான். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள் கழித்து, சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் நோன்புக்கு இழை எடுப்பது நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விநாயகர் சதுர்த்தியோடு போட்டுக் குழப்பியிருக்கிறார். அடுத்தாள் பெயரும் அப்பத்தாவின் கண்ணும் கைப்பிரதியை இன்னொருவர் ஒருமுறை படித்திருந்தாலே அகப்பட்டிருக்கும்.

கல்யாணம் அப்படியில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான். வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், ஒன்பது கோயில் பிரிவினர்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒரே கோயிலார் பங்காளிகள். சில கோயில்களில் உட்பிரிவுகள் உண்டு, அந்தப் பிரிவுகளுக்கிடையே கொண்டு கொடுப்பதும் உண்டு. ஆனால் நாவலில் இருவருமே பிள்ளையார்பட்டி. பிள்ளையார்பட்டியார் இரணியூர்க்காரர்களையே உடன்பிறப்பாக வைத்துப் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதில்லை. கல்யாணம் என்றால் இரு வீட்டாரும் அவரவர் கோயிலுக்குச் சொல்லி, கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். மாலை வந்த பிறகுதான் அந்தத் தம்பதி ஊர்க் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம். இந்த இருவருக்கும் எந்தக் கோயிலில் மாலை கொடுத்திருப்பார்கள்?

யோசித்துப் பாருங்கள். இருவரும் விரும்புவது பல அத்தியாயங்களுக்குப் போகிறது. வளவில் பார்த்துக்கொள்கிறார்கள், பட்டாலையில் யாருமில்லாதபோது பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் வாயிலிருந்தும் 'பங்காளி வீட்டுப் பிள்ளையடி அது' என்று வரவில்லை. ஆசிரியருக்கு இந்த முறை தெரிந்திருந்தால் அவர் முன் இரண்டு வழி இருந்தது. மாப்பிள்ளையை வைரவன்பட்டிக் கோயில் என்று ஒரு சொல்லில் மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். அல்லது அப்படியே விட்டிருக்கலாம். விட்டிருந்தால் கோயிலுக்குச் சொல்லப் போன அப்பச்சி என்ன ஆனார், மாலை இல்லாமல் கட்டிக்கொண்டவர்கள் எந்த ஊரில் போய் இருந்தார்கள், அவர்களுக்குப் பிறந்த பிள்ளையை எந்தப் புள்ளியில் சேர்த்தார்கள் என்று கதை தானே எழுந்து நடந்திருக்கும். அவர் கைக்கு எட்டிய பெரிய நாவல் அது. பார்க்காமலே தாண்டிப் போய்விட்டார். கவனக்குறைவால் வரும் நட்டம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். தப்பான தகவல் ஒன்று உள்ளே வருவதைவிட, அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய கதை வராமல் போவது பெரிய நட்டம்.

கப்பல் விஷயமும் அதே ரகம். ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23. நகரம் அவர்கள் கையில் விழுந்தது 1942 மார்ச் 8. ஏப்ரலில் அங்கிருந்து ஊருக்கு எந்தக் கப்பல்? கப்பல் கிடைக்காமல்தானே லட்சக்கணக்கானவர்கள் நடந்தார்கள். ஒரு கூட்டம் புரோமிலிருந்து மலை தாண்டி அரக்கான் கரைக்குப் போனது. இன்னொரு கூட்டம் தமு வழியாக மணிப்பூருக்குள் வந்தது. காலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் அந்த நடையைப் பற்றிக் கேள்விப்படாத குடும்பம் குறைவு.

அந்த அப்பச்சி ஏன் முன்கூட்டியே கிளம்பவில்லை என்ற கேள்வி நாவலில் எழவே இல்லை. அதற்கும் வரலாற்றில் காரணம் இருக்கிறது. 1930-ல் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு அவர்களிடம் இருந்தது, 1937 வாக்கில் 25 பங்கு ஆகிவிட்டது. வட்டிக்கு விட்ட பணம் வயலாகிவிட்டது. வயலைத் தூக்கிக்கொண்டு கப்பலேற முடியாது. விட்டுவிட்டு வரவும் மனசு வராது. அந்தப் பக்கம் நிலத்தை இழந்த பர்மியக் குடும்பத்தின் கோபமும் இருக்கிறது. இவ்வளவும் அந்தப் பாத்திரத்துக்குள் இருந்திருக்க வேண்டும். நாவலில் அவர் பட்டுத்துணியும் மங்குச் சாமானும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, காபி கேட்கிறார்.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி எந்த விமர்சகரும் வாய் திறக்காதது எனக்குத் தனி வருத்தம். அது சுடுகிற கல்லே இல்லை. கண்ணாடிப் பலகை மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமெண்டுக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறவைக்கிறார்கள். கண்ணாடி கழன்று வரும்போது அதன் வழவழப்பு கல்லில் இறங்கியிருக்கும். ஆத்தங்குடிக்குப் போனால் இன்றைக்கும் யாரும் நின்று பார்க்கலாம். ஒரு மத்தியானம் போதும். செட்டியார் வீட்டுத் தேக்குத் தூணை மூன்று பக்கம் வர்ணிக்கிறவர், தரையில் கிடக்கிற கல்லைச் செய்தவன் கையை ஒருமுறையும் பார்க்கவில்லை. செட்டிநாடு அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களுடையது மட்டுமா ஆச்சி? கட்டியவர்களும் இங்கேதானே இருந்தார்கள், இருக்கிறார்கள்.

இனி நீங்கள் அழுத இடங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கவனித்துப் பார்த்தால், இந்த நாவலில் அடுப்படிப் பக்கங்களில் ஒரு பிழைகூட இல்லை. கவுனி அரிசியை முதல் நாள் ராத்திரியே ஊறப்போடுவது, கும்மாயம் கிண்டும்போது நெய் பிரிகிற பதம், பெண்ணுக்குச் சீர் எடுத்துவைக்கிற நாளில் ஆச்சி அறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு பாத்திரங்களை எண்ணுவது, எல்லாம் அச்சு அசல். ஆசிரியர் யாரோ ஒரு பெரிய மனுஷிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டிருக்கிறார். நீங்கள் அழுத இரண்டு இடமும் அந்த அறைக்குள் நடப்பவைதானே? எனக்கும் அங்கேதான் தொண்டை அடைத்தது. அடுப்படியை விட்டு வெளியே வந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டார். கோயில், கடை, கப்பல், பட்டறை எல்லாம் ஊகம். திறமை இல்லாதவர் தப்பாக எழுதினால் நமக்கு இவ்வளவு வலிக்காது.

பழியை அவர் ஒருவர் தலையில் மட்டும் போட மாட்டேன். தமிழில் நாவலை வரிவரியாக உட்கார்ந்து பார்க்கிற எடிட்டர் பெரும்பாலான பதிப்பகங்களில் இல்லை. மெய்ப்புப் பார்ப்பவர் ஒற்றும் சந்தியும் திருத்துவார், ரயில் எப்போது வந்தது என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, அதற்குள் வந்தாக வேண்டும் என்று டிசம்பரில் அச்சகத்துக்கு ஓடுகிற அவசரம் வேறு. பிறகு படிக்காமலே பாராட்டுகிறவர்கள். 'துல்லியம்' என்று பின்னட்டைக்கு எழுதிக் கொடுத்தவர் எதோடு ஒப்பிட்டுத் துல்லியம் என்றார்? நம்முடையது ஐந்தொகைக் கணக்கில் காலணா இடித்தாலும் விடிய விடிய உட்கார்ந்து தேடிய ஊர். அந்த ஊரைப் பற்றிய புத்தகத்துக்குக் கொஞ்சம் அந்தப் பிடிவாதம் வேண்டாமா?

அந்தப் பையனிடம் சொல்லுங்கள், பேப்பர் திருத்துகிறவருக்குத்தான் ஒவ்வொரு வரியையும் படித்தாக வேண்டிய கட்டாயம். அப்படி ஒரு வாசகி கிடைப்பது எழுதுகிறவனுக்குப் பாக்கியம்.

பேத்திக்கு நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள். படிக்காதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுப்படி அத்தியாயங்களை அவள் படிக்க வேண்டும். மாலை விஷயத்தையும் பர்மா நடையையும் நீங்கள் வாயால் சொல்லுங்கள், நாவலில் இல்லாத பாகம் அவளுக்கு அப்படிக் கிடைக்கட்டும்.

அப்புறம், பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். பழைய புத்தகங்களில் 'பிழையும் திருத்தமும்' என்று ஒரு பக்கம் வைத்துக் கட்டுவார்கள். அச்சுக் கோத்து ஆயிரம் பிரதி அடித்துவிட்டால் வேறு வழி இல்லாத காலம் அது. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அச்சடிக்கிறார்கள், அடுத்த அச்சுக்கு முன் கணினியில் மாற்றிவிடலாம். பக்க எண்ணோடு எழுதுங்கள். கோயில் விஷயத்தை முதலில் வையுங்கள், அடுத்தது கப்பல், அதற்கடுத்தது ஆத்தங்குடி. ரயிலும் நோன்பும் கடைசியில் இருந்தால் போதும். ஊர் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.

அன்புடன்