அகிதாவில் 25 லட்சம் யென்னுக்கு ஒரு வீடு: வாங்கலாமா?

கேள்வி: ஏழு ஆண்டுகளாக ஜப்பானின் யோக்கோஹாமாவில் மென்பொருள் பணியில் இருக்கிறேன், வயது 38. மூன்று, நான்கு ஆண்டுகளில் தஞ்சாவூர் திரும்ப எண்ணம். சேமிப்பு 60 லட்சம் யென். நாட்டின் வடபகுதியிலுள்ள அகிதா மாகாணத்தில் தோட்டத்துடன் ஒரு பழைய மரவீடு 25 லட்சம் யென்னுக்கு விலைக்கு வருகிறது. அதை வாங்கி வாடகைக்கு விடலாமா? மக்கள்தொகை சுருங்கும் நாட்டின் பங்குகளைவிட நிலம் பாதுகாப்பானது அல்லவா?

பதில்: வாங்க வேண்டாம். மண்ணில் போட்ட பணம் வீண்போகாது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். நம்மிடமிருந்து அதை வாங்க நாளை ஒருவர் வருவார் என்ற எதிர்பார்ப்பின் மேல்தான் அந்த நம்பிக்கை நிற்கிறது. அகிதாவில் அந்த ஒருவர்தான் இல்லை.

2008-ஐ ஒட்டி 12 கோடியே 80 லட்சமாக உச்சம் தொட்ட ஜப்பானின் மக்கள்தொகை, 2024 அக்டோபரில் 12 கோடியே 38 லட்சமாக இறங்கிவிட்டது. அந்த ஆண்டு ஜப்பானியக் குடிமக்களிடையே பிறந்த குழந்தைகள் ஏழு லட்சத்துக்கும் குறைவு. இறந்தவர்கள் சுமார் 16 லட்சம். இந்தச் சரிவு எல்லா ஊரிலும் ஒன்றுபோல் இல்லை. இளைஞர்கள் தோக்கியோவை நோக்கிப் போய்க்கொண்டே இருக்க, அகிதாவில் ஏறக்குறைய நூற்றுக்கு 39 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். நாடு முழுவதும் சுமார் 90 லட்சம் வீடுகள் ஆளின்றிக் கிடப்பதாக 2023-ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பு கூறுகிறது. உங்கள் வீட்டுக்கு வாடகைக்கு வரப்போவது யார்?

வாங்கிய பிறகுதான் உண்மையான செலவு தொடங்கும். 1981 ஜூனுக்கு முந்தைய கட்டட அனுமதி என்றால் அது பழைய நிலநடுக்க விதிப்படி கட்டப்பட்டது. வலுப்படுத்தும் செலவு வாங்கிய விலையையே மிஞ்சக்கூடும். குளிர்காலத்தில் கூரைப் பனியை அள்ள ஆள் வைக்க வேண்டும். அப்போது நீங்கள் தஞ்சாவூரில் இருப்பீர்கள். பராமரிக்காமல் விட்டு, நகராட்சியின் அறிவுரைக்குப் பிறகும் சரிசெய்யாவிட்டால், குடியிருப்பு நிலத்துக்கான சொத்துவரிச் சலுகையை இழக்க 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் வழிசெய்கிறது. வேண்டாத நிலத்தை அரசிடமே ஒப்படைக்க ஒரு திட்டம் உண்டு; ஆனால் அது வாரிசுரிமையாக வந்த நிலத்துக்குத்தான், விலைக்கு வாங்கியவருக்கு இல்லை. வீடு வாங்கியதற்காக விசாவும் கிடைக்காது.

பங்குகளைப் பற்றிய உங்கள் அச்சம் எதிர்த்திசையில் போகிறது. ஜப்பானியப் பங்குச்சந்தையின் நிக்கேய் குறியீடு 38,915-ஐத் தொட்டுச் சரியத் தொடங்கியது 1989 டிசம்பரில். அப்போது மக்கள்தொகை இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. அந்த உச்சத்தை அது மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரியில். மக்கள்தொகை தேயத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. டொயோட்டா போன்ற நிறுவனங்கள் தங்கள் வாகனங்களில் பெரும்பகுதியை வெளிநாடுகளில்தான் விற்கின்றன. பெண்களும் முதியோரும் வெளிநாட்டவரும் வேலைக்கு வந்ததால் உள்நாட்டிலும் பணிபுரிவோர் எண்ணிக்கை 2024-இல் வரலாறு காணாத அளவை எட்டியது. ஆயினும் 1989-இல் வாங்கியவர் 34 ஆண்டுகள் காத்திருந்தார் என்பதையும் மறக்கலாகாது; ஜப்பானை மட்டும் நம்பாமல் பல நாட்டு நிறுவனங்களின் பங்குகளில் பணத்தைப் பரப்பும் உலகப் பங்குக் குறியீட்டு நிதியைத் தேர்ந்தெடுங்கள்.

அதை நிசா எனும் வரிவிலக்கு முதலீட்டுக் கணக்கில் செய்யுங்கள். 2024 ஜனவரியில் விரிவாக்கப்பட்ட இத்திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் யென் வரை போடலாம். மற்றக் கணக்குகளில் லாபத்துக்கு விதிக்கப்படும் 20.315 விழுக்காடு வரி இதில் இல்லை. நான்கு ஆண்டு என்பது பங்குகளுக்குக் குறுகிய காலமாதலால் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்; நாட்டைவிட்டு நிரந்தரமாகக் கிளம்பும்போது பொதுவாக இச்சலுகை முடிந்துவிடுவதால், அதற்கு முன் விற்றுவிடத் திட்டமிடுங்கள். எஞ்சியதைத் தவணைகளாக ரூபாய்க்கு மாற்றிவாருங்கள், ஏனெனில் உங்கள் எதிர்காலச் செலவு ரூபாயில்தான். இந்தியாவில் என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு) வைப்பு வட்டிக்கு வரியில்லை என்றாலும், ஐந்து ஆண்டுக்கு மேல் வசிப்பவரின் உலக வருமானம் முழுவதற்கும் ஜப்பான் வரி விதிக்கிறது. நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

ஒன்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வீட்டைவிடப் பெரிய தொகை அதில் இருக்கலாம். திரும்பும்போது பலரும் ஓய்வூதியச் சந்தாவை ஒரே தொகையாகத் திரும்பப் பெறுகிறார்கள். எத்தனை ஆண்டு கட்டியிருந்தாலும், தற்போது அந்தத் தொகை 60 மாதச் சந்தாக் கணக்கோடு நின்றுவிடும். பெற்றவுடன் கட்டிய காலம் முழுவதும் அழிந்துபோகும். பத்து ஆண்டு கட்டியவருக்கு முதுமையில் ஓய்வூதியம் உண்டு. 2016 அக்டோபர் முதல் நடப்பிலுள்ள இந்திய–ஜப்பான் ஒப்பந்தப்படி, இந்தியாவில் வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் கீழ் நீங்கள் பணிபுரிந்த காலத்தையும் அந்தத் தகுதிக்குச் சேர்க்க முடியும். ஆகவே பழைய வேலையின் ஆவணங்களைத் தேடி எடுத்து, ஓய்வூதிய அலுவலகத்தில் இரண்டு வழிகளுக்கும் கணக்குக் கேட்ட பிறகே விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள்.