சிஎஸ் சீட்டுக்காகப் பத்திரத்தை அடகு வைக்காதீங்கண்ணா

திருப்பூர்லருந்து ஒரு அண்ணன் நேத்து ராத்திரி கூப்பிட்டாரு. பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டரு, பொண்ணு கவர்ன்மென்ட் ஸ்கூல்ல பிளஸ் டூ முடிச்சிருக்கு, மச்சான் வந்து மேனேஜ்மென்ட் கோட்டால கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிடலாம், வீட்டுப் பத்திரத்தை வச்சாப் போதும்னு ஒரே பிடியாம். பொண்ணுக்கு என்னங்க பிடிக்கும்னேன். "கெமிஸ்ட்ரி லேப்னா அவளுக்குச் சோறே வேண்டாங்க."

சமாதானம் சொல்லலாம்னுதான் இருந்தேன், பத்திரம்னதும் மனசு மாறிடுச்சு. வேண்டாங்கண்ணா. வட்டி கட்டப்போறது மச்சான் இல்ல, நீங்க.

கெமிஸ்ட்ரிக்கு உங்க ஊர்லயே வேலை இருக்குங்கண்ணா. 2011 ஜனவரில ஹைகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறைங்களை மூடச் சொன்னது ஞாபகம் இருக்குங்களா? இப்ப கழிவுத்தண்ணி ஒரு சொட்டு நொய்யல் ஆத்துக்குப் போகக்கூடாது, சுத்திகரிப்பு நிலையத்துல ஆர்ஓல வடிச்சு, மிச்ச உப்புத்தண்ணிய எவாப்பரேட்டர்ல காய்ச்சி, தண்ணியையும் உப்பையும் பட்டறைக்கே திருப்பணும். இதுல ஒவ்வொரு கட்டத்துலயும் டெஸ்ட் பண்ண ஆள் வேணும், கெமிஸ்ட்ரி படிச்ச ஆள்.

என்ன டெஸ்டுங்கறீங்களா? டிடிஎஸ்னா தண்ணில கரைஞ்சு கெடக்கற உப்பு, கண்ணுக்குத் தெரியாது, சாயத்தண்ணில பெரிய தலைவலியே அதான். பிஓடினா அழுக்கைத் தின்னற பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேணும்ங்கற கணக்கு, 27 டிகிரில மூணு நாள் வச்சுப் பாக்கணும். சிஓடினா அதே அழுக்கைக் கெமிக்கல் வச்சு எரிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேணும்ங்கற கணக்கு, இதுக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம், டைக்ரோமேட்டும் ஆசிடும் சேத்து 150 டிகிரில ரெண்டு மணி நேரம் சூடுபண்ணி, மிஞ்சின டைக்ரோமேட்டை டைட்ரேட் பண்ணணும், அதாவது இன்னொரு கரைசலைச் சொட்டுச்சொட்டா விட்டு அளக்கணும், அதுக்கு ப்யூரெட்ங்கற அளவுக் கண்ணாடிக் குழாய்ல ஊத்தறது என்னன்னு நெனைக்கறீங்க, உங்க பொண்ணு பிராக்டிக்கல்ல பாத்த அதே மோர் உப்புதான் (குடிக்கற மோர் இல்லண்ணா, Mohr's saltனு ஒரு இரும்பு உப்பு)! உங்க ஊர் மாதிரி முழுத் தடை இல்லாத எடத்துல, பொதுவா ஆத்துல விடற கழிவுத்தண்ணிக்கு லிட்டருக்கு பிஓடி 30, சிஓடி 250 மில்லிகிராம்தான் வரம்பு.

அதனால அரசு கலைக்கல்லூரில பிஎஸ்சி கெமிஸ்ட்ரி. பீஸ் உங்க சம்பளத்துலயே அடங்கும், ஆறாவதுலருந்தே கவர்ன்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணுன்னா அரசோட புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வேற வரும். அப்புறம் எம்எஸ்சி முடிச்சா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட சயின்டிஸ்ட் பரிட்சையும் எழுதலாம்.

ஆரம்பச் சம்பளம் ஐடி மாதிரி இருக்காது, பிளான்ட்ல வாடை அடிக்கும், மறைக்க மாட்டேன். மச்சான் கேலி பண்ணுவாரு, பண்ணட்டும் (அவரு பையன் இன்ஜினியரிங்ல எத்தனை அரியர்னு நான் கேக்கல).

அரசு கல்லூரி அப்ளிகேஷன் ஆன்லைன்ல வந்ததும் முதல் சாய்ஸா கெமிஸ்ட்ரி போடுங்க. போடறது பொண்ணாவே இருக்கட்டும், பக்கத்துல மச்சான் வேண்டாம்.