குறைமாத இரட்டைக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு 30ஆம் வாரத்திலேயே இரட்டைக் குழந்தைகள் பிறந்து, இருவரும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார்கள். மூன்றாம் நாளாகியும் சில துளிப் பால்தான் வருகிறது. தாதியர் அதையும் கொண்டுவரச் சொல்கிறார்கள். இவ்வளவு குறைந்த பாலால் என்ன பயன்? (பொங்கோல்)

பதில்: அந்தத் துளிகளைத் தயவுசெய்து வீணாக்காதீர்கள். சிரிஞ்சின் முனையில் தேன் நிறத்தில் ஒட்டிநிற்கும் சீம்பால், நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்தது. குழந்தைக்கு இன்னும் பால் புகட்டத் தொடங்காவிட்டாலும், தாதியர் அதைக் கன்னத்தின் உட்புறத்தில் தடவுவார்கள். குழாய் வழியாகப் பால் கொடுக்கத் தொடங்கும்போதும் மிகச் சிறிய அளவிலேயே தொடங்குவார்கள் என்பதால், உங்களுக்குக் குறைவாகத் தோன்றுவது குழந்தைக்குக் குறைவானதன்று. குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் கடுமையான குடல் அழற்சி நோய், தாய்ப்பால் பெறும் குழந்தைகளுக்கு வரும் வாய்ப்பு குறைவு.

முதல் சில நாள்களில் கெட்டியான சீம்பாலைக் கையால் பிழிந்தெடுப்பதே எளிது. அதனுடன் பம்பையும் பயன்படுத்துங்கள். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் எடுக்க வேண்டும். பால் சுரக்கச் செய்யும் புரோலேக்டின் என்னும் ஹார்மோன் இரவில் கூடுதலாக இருப்பதால், அவற்றுள் ஒரு முறையாவது நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் அமையட்டும். இரு மார்பிலும் ஒரே நேரத்தில் எடுக்கும் பம்ப், நேரத்தைப் பாதியாகக் குறைக்கும். இரட்டையரின் தாய்க்கு 10 முதல் 14 நாள்களுக்குள் நாளொன்றுக்கு 750 முதல் 1,000 மில்லிலிட்டர் கிடைப்பது நல்ல இலக்கு. அளவு அதற்குக் குறைந்தால் மனம் தளர்ந்து நிறுத்திவிடாமல், மருத்துவமனையின் தாய்ப்பால் ஆலோசகரை அன்றே பாருங்கள். முதல் இரண்டு வாரங்களில் எத்தனை முறை பால் எடுக்கிறீர்கள் என்பதே பின்வரும் மாதங்களின் சுரப்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

கேள்வி: மனைவி வீடு திரும்பிவிட்டார். பாலை நான்தான் எம்ஆர்டி ரயிலில் எடுத்துச் செல்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்? (ஜூரோங் வெஸ்ட்)

பதில்: மருத்துவமனை தரும் போத்தல்களையும் ஒட்டுவில்லைகளையும் மட்டும் பயன்படுத்துங்கள். ஒரே தாயின் பால்தான் என்றாலும், புகட்டும் முன் ஒவ்வொரு குழந்தையின் அடையாளமும் சரிபார்க்கப்படும். ஆகவே இருவருக்கும் தனித்தனியாகப் பெயர், நாள், நேரம் எழுதி ஒட்டுங்கள். எடுத்த பாலைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் வைக்காமல் உட்புறத்தில் வைத்து, 48 மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். முடியாதெனில் எடுத்தவுடன் உறையவையுங்கள். வழியில் உறைபனிப் பொதிகளுடன் கூடிய பையில் வைத்துச் செல்லுங்கள். உருகிய பாலை மீண்டும் உறையவைக்கக் கூடாது. மருத்துவமனையின் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: மருமகளுக்குப் பத்தியச் சாப்பாடு கொடுக்கிறேன்: பால் சுறாப் புட்டு, பூண்டு, வெந்தயக் கஞ்சி. முப்பது நாள் வெளியே போகக் கூடாது என்றால் கேட்காமல் தினமும் மருத்துவமனைக்குப் போகிறாள். (யீஷூன்)

பதில்: அம்மா, உங்கள் கையால் சூடாக ஒரு வேளை உணவு கிடைப்பது இந்த நேரத்தில் பெரிய ஆதரவு. ஆனால் பாலைப் பெருக்குவது முதலில் உணவன்று. மார்பு அடிக்கடி காலியாவதுதான். சுறாவில் பாதரசம் அதிகம் சேரக்கூடும் என்பதால் பாலூட்டும் தாய்மார் அதைத் தவிர்ப்பது நல்லது. பதிலாக நெத்திலி சமைக்கலாம். பூண்டு சேர்ப்பதில் தவறில்லை. வெந்தயத்தை மருந்துபோல் அதிக அளவில் கொடுப்பதாக இருந்தால், குறிப்பாக மருமகள் நீரிழிவுக்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து உட்கொள்பவராயின், மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். பத்தியத்தின் பெயரால் தண்ணீரைக் குறைக்க வேண்டாம்.

அவர் போவதைத் தடுக்காதீர்கள். குழந்தையைச் சட்டையின்றித் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைத்திருப்பதால் பால் சுரப்பு கூடுகிறது. குழந்தையின் மூச்சும் இதயத் துடிப்பும் சீராகின்றன. அவர் அங்கிருக்கும் நேரத்தில் நீங்கள் பம்பின் பாகங்களைக் கழுவிக் கிருமி நீக்கி உலரவைத்தால், அதுவும் பேரப் பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பதற்கு ஈடான பணி.

கேள்வி: என் பாலில் ஏதோ பொடி கலக்கிறார்கள். என் பாலில் சத்து இல்லையா? (பிடோக்)

பதில்: சத்து இருக்கிறது. குறைமாதத்தில் பெற்ற தாயின் தொடக்க காலப் பாலில் புரதம் கூடுதலாகவே இருக்கும். எனினும் கருவின் கடைசி வாரங்களில் உடலில் சேர வேண்டிய கால்சியம், பாஸ்பரஸ் போன்றவற்றை இக்குழந்தைகள் வெளியில் வந்தபின் ஈடுகட்ட வேண்டியிருப்பதால், குறிப்பாக 1.5 கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறந்தவர்களுக்கு ஊட்டம் சேர்க்கிறார்கள்.

கேள்வி: என் பால் போதாதபோது வேறொரு தாயின் பாலைப் பெறலாமா? தோழி ஒருவர் தர முன்வந்திருக்கிறார். (உட்லண்ட்ஸ்)

பதில்: தோழியின் அன்பு பெரிது; ஆனால் பரிசோதிக்கப்படாத பால் குறைமாதக் குழந்தைக்கு வேண்டாம். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையில் 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் சிங்கப்பூரின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. பால் வங்கிகளில் கொடையாளர்களின் உடல்நிலையும் இரத்தமும் பரிசோதிக்கப்பட்டு, பால் 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்படுகிறது. உங்கள் குழந்தைகளுக்கு அது கிடைக்குமா என்று சிகிச்சைக் குழுவிடம் கேளுங்கள். கொடைப்பால் வரும் நாள்களிலும் பம்பை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: மூத்தவன் வீட்டுக்கு வந்துவிட்டான், இளையவள் இன்னும் மருத்துவமனையில். எப்படிச் சமாளிப்பது? (தெம்பனிஸ்)

பதில்: இரட்டையரின் தாய்க்கு மிகவும் களைப்பைத் தரும் கட்டம் இது. வீட்டிலிருப்பவன் நேரடியாகக் குடித்தாலும், ஒரு குழந்தையின் தேவைக்கேற்பச் சுரப்பு சுருங்கிவிடாமலிருக்க, பாலூட்டியபின் பம்ப் செய்யுங்கள். உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் ஒருங்கிணைப்பு, கருவுற்ற காலத்திலிருந்து கணக்கிட்டால், ஏறத்தாழ 32 முதல் 34 வாரங்களில்தான் கைகூடத் தொடங்குகிறது. அதுவரை குழாயில் பால் போகும் நேரத்தில், பால் எடுத்து முடித்த மார்பில் இளையவளைச் சப்ப விட்டுப் பழக்க முடியுமா என்று தாதியிடம் கேளுங்கள். இருவரையும் ஒரே நேரத்தில் மார்பில் வைப்பதற்கு அவசரப்பட வேண்டாம். ஒவ்வொருவரும் தனியாக நன்றாகக் குடித்தபின் அது எளிதாகும்.

நீங்கள் மருத்துவமனைக்குப் போகும் நேரத்தில் மூத்தவனைப் பார்த்துக்கொள்ளக் கணவர் வேண்டும். பிள்ளைகள் சிங்கப்பூர்க் குடிமக்களாக இருந்தால், 2025 ஏப்ரல் முதல் தகுதியுள்ள தந்தையருக்கு 4 வாரச் சம்பள விடுப்பு உண்டு. முதலாளி இசைந்தால் அதை ஓராண்டுக்குள் பிரித்து எடுக்கலாம். முழுவதையும் இப்போதே செலவழிக்காமல், ஒரு பகுதியை இளையவள் வீடு வரும் வாரத்துக்கென்று ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள்.